மாட்டுக் கொட்டகைக்கு விருந்தாளியாகப் போகிறவர்களுக்கு

மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பக்கம் இருக்கும் நிபோங் திபாலுக்கு உள்ளே, செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்து ஓரமாக என் சித்தப்பா கறவை மாடு வைத்திருக்கிறார். பள்ளி விடுமுறை வந்தால் பினாங்குத் தீவிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் சொந்தக்காரர்கள் பிள்ளைகளோடு வந்து இறங்குவார்கள். அவர்களுக்கு நான் போனில் சொல்லி அனுப்புவதுதான் இது.

முதலில் நேரம். மாட்டின் நேரத்துக்குப் போங்கள். விடிவதற்கு முன்னால் ஒரு கறவை, சாயங்காலம் ஒரு கறவை. காலை பதினொரு மணிக்குப் போய் நின்றால் மாடுகள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கும், சித்தப்பாவும் புல் அறுத்துப் போட்டுவிட்டு அப்போதுதான் கண் அயர்ந்திருப்பார். மூன்று மணி வாக்கில் போய், இரவு தங்கி, விடியற்காலைக் கறவையையும் பார்த்துவிட்டுக் கிளம்புவதே நல்லது. தீவிலிருந்து காரில் வருகிறவர்களுக்கு பத்து காவான் என்ற ஊர் வழியாக வரும் பினாங்கு இரண்டாவது பாலம்தான் கிட்ட. கார் இல்லையென்றால் பெர்ரியில் பட்டர்வொர்த் வந்து கொமுட்டர் ரயில் ஏறுங்கள்.

வேறு பண்ணைக்கோ ஆட்டுப்பட்டிக்கோ போய்விட்டு அதே செருப்போடு வராதீர்கள். கோமாரி நோய்க் கிருமி செருப்பிலும் துணியிலும் கார் டயரிலும் ஒட்டிக்கொண்டு வரும். வாயிலும் குளம்பிலும் புண் வந்தால் மாடு தின்னாது, பால் விழுந்துவிடும், பக்கத்துக் கொட்டகைகளுக்கும் பரவும். நாலைந்து மாட்டை நம்பிப் பிழைக்கிற குடும்பத்துக்கு அது பெரிய அடி. வாசலில் பூட்ஸைத் தேய்த்துக் கழுவச் சொன்னால் முகம் சுளிக்காமல் கழுவுங்கள்.

மாட்டுக்குக் கண் பக்கவாட்டில் இருப்பதால் சுற்றிலும் ஏறக்குறைய எல்லாம் தெரியும். நேர் பின்னால் நிற்பவர் மட்டும் தெரியாது. அதனால் தோள்பட்டைப் பக்கமாக, ஏதாவது பேசிக்கொண்டே போங்கள். பிள்ளைகள் ஓடக் கூடாது. குச்சி, குடை எதுவும் கையில் வேண்டாம்.

கறக்கும்போது அருகில் இருந்து பார்க்க வேண்டும். சித்தி கன்றை அவிழ்த்துவிடுவார். அது மடியை முட்டி முட்டிக் குடிக்கும், வாயோரம் நுரை கட்டும். பால் இறங்கியதும் கன்றைப் பிடித்துத் தாயின் முகத்துக்கு எதிரே கட்டுவார். தாய் அதை நக்கிக்கொண்டே நிற்கும். முதல் பீச்சல் வெறும் வாளியில் ‘சர்’ரென்று கணகணக்கும், பால் ஏற ஏற சத்தம் மட்டுப்படும். அந்தச் சில நிமிடங்களில் கேமரா வெளிச்சமோ கூச்சலோ கூடவே கூடாது. மிரண்ட மாடு பாலை அடக்கிக்கொள்ளும். பயத்தில் ஊறும் சுரப்பு, பாலை இறக்கும் சுரப்பைத் தடுத்துவிடுகிறது; பிறகு எவ்வளவு கெஞ்சினாலும் வராது. நீங்களும் கறந்து பார்க்க ஆசையா? சித்தி கூப்பிட்டால் போங்கள். காம்பைப் பிடித்து இழுக்காதீர்கள். கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் மேலே அடைத்துக்கொண்டு, மற்ற விரல்களை ஒவ்வொன்றாக மூடுங்கள்.

வீட்டில் மிஞ்சிய ரொட்டி, சோறு என்று அன்போடு மூட்டை கட்டி வருகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அரிசிச் சோறு அதிகமானால் மாட்டின் இரைப்பையில் புளிப்பு ஏறி உயிருக்கே ஆபத்தாகும். மாட்டுப் பொங்கலுக்கு மாலை கொண்டுவந்தால் கம்பியும் நைலான் நூலும் இல்லாததாகப் பாருங்கள். மாடு கம்பியை மென்று பார்க்காமலே விழுங்கிவிடும், அது இரைப்பையைக் குத்திக்கொண்டு இதயம் வரைக்கும் போகும்.

கிளம்பும்போது பால் தருவார்கள். ஐஸ் பெட்டி கொண்டு போங்கள், நம் வெயிலில் சில மணி நேரத்தில் திரிந்துவிடும். பச்சையாகக் குடிக்காமல், வீட்டுக்கு வந்ததும் நன்றாகப் பொங்கக் காய்ச்சுங்கள்.

சித்தப்பா பாலுக்குக் காசு வாங்க மாட்டார். அதற்குப் பதிலாக ஒரு மூட்டை தீவனம் இறக்கிவிடலாம். எந்த ரகம் என்று சித்தியிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். தீவனம் திடீரென்று மாறினால் மாட்டுக்கு வயிறு கெடும்.