தீன்மூர்த்தி சிலைலேர்ந்து ஆஸ்திரேலியா ஜெனரல் வரைக்கும், ஸ்கூல் ப்ராஜெக்டுக்கு தேடறது எப்படி

மிலிட்டரி ஆபீசர் ஒருத்தர் பத்தி எழுதுன்னு ஸ்கூல்ல ப்ராஜெக்ட் குடுத்தா எல்லாரும் எழுதற அதே நாலு பேரை எடுக்காதீங்க. நம்ம டெல்லி தீன்மூர்த்தி சவுக்குல மூணு வெண்கல சிப்பாய் நிக்கறாங்கல்ல, ஆர்.கே.புரத்துலேர்ந்து ஒரு ஆட்டோ போதும், அங்கேர்ந்து ஆரம்பிங்க.

மூணும் ஹைதராபாத், மைசூர், ஜோத்பூர் குதிரைப்படை. மொத உலகப் போர்ல, 1918 செப்டம்பர் 23 அன்னிக்கு, இப்ப இஸ்ரேல்ல இருக்கற ஹைஃபாங்கற ஊர துருக்கி படைகிட்டேர்ந்து புடிச்சது ஜோத்பூரும் மைசூரும், அவங்க பிரிகேட் எந்த டிவிஷன்னு (பல பிரிகேட் சேந்தது) பாத்தா 5வது கேவல்ரி, அது எந்த கார்ப்ஸ்னு (பல டிவிஷன் சேந்தது) பாத்தா டெசர்ட் மவுண்டட் கார்ப்ஸ், அதுக்கு தலைவர் ஆஸ்திரேலியாக்காரர் ஹாரி ஷோவெல். இப்படி ஒவ்வொரு படியா மேல ஏறிப் போனா ஆள் தானா மாட்டுவார்.

அடுத்தது பேரு. ரெக்கார்டுல ஹென்றி ஜார்ஜ் ஷோவெல். நான் ஹாரின்னே தட்டி ஒரு சாயங்காலம் முழுக்க வேஸ்ட் பண்ணேன், பொண்ணுதான் "ஏம்ப்பா, உன்ன வீட்ல குட்டின்னு கூப்பிடறாங்க, ஆதார்ல அப்படியா இருக்கு"ன்னு கேட்டா.

யூனிட் வார் டைரிய, அதாவது ஒவ்வொரு படையும் போர் நடக்கும்போது எழுதி வச்ச குறிப்ப, ஆஸ்திரேலியன் வார் மெமோரியல் சைட்ல ஸ்கேன் பண்ணி ஃப்ரீயாவே போட்டிருக்காங்க. பழைய பேப்பருக்கு ட்ரோவ்னு ஆஸ்திரேலியா நேஷனல் லைப்ரரியோட சைட், ஆனா கம்ப்யூட்டர் படிச்சு போட்ட எழுத்து கன்னாபின்னான்னு இருக்கும், பக்கத்துல இருக்கற ஒரிஜினல் படத்த பாத்துதான் எழுதணும்.

பொறந்தது 1865, போயர் வார், கலிபோலி, இதெல்லாம் ரெண்டு வரில முடிச்சிருங்க. 1917 அக்டோபர் 31 பீர்ஷெபா சண்டைக்கு மட்டும் ஒரு பக்கம் குடுங்க, அது துருக்கி படை கையில இருந்த பாலஸ்தீன ஊரு. குதிரைங்களுக்கு தண்ணி வேணும், கிணறெல்லாம் ஊருக்குள்ள, பொழுது வேற சாயுது. லைட் ஹார்ஸ்காரங்ககிட்ட (ஆஸ்திரேலியா குதிரை வீரர்கள்) வாள் கிடையாது, துப்பாக்கி முனைல மாட்டற கத்தியான பயோனெட்ட கையில புடிச்சுக்கிட்டு சுமார் 800 பேர் நேரா பாய்ஞ்சாங்க, ஊரு விழுந்துச்சு. உத்தரவு போட்டது ஷோவெல்.

ரேங்க்ல கவனம். 1917ல லெப்டினன்ட் ஜெனரல் (அந்த ரேங்குக்கு வந்த மொத ஆஸ்திரேலியர் இவர்தான்), முழு ஜெனரல் ஆனது 1929ல, இன்னொரு ஆஸ்திரேலியா தளபதி மோனாஷ் கூடவே. டமாஸ்கஸுக்குள்ள மொதல்ல போனது 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' லாரன்ஸ்னு எழுதிடாதீங்க, 1918 அக்டோபர் 1 காலைல மொதல்ல நுழைஞ்சது ஷோவெலோட லைட் ஹார்ஸ்.

சிலைய போட்டோ எடுக்கணும்னா ஞாயித்துக்கிழமை காலைல சீக்கிரம் போங்க, மத்த நாள்ல அந்த ரவுண்டானாவ க்ராஸ் பண்றதே தனி யுத்தம்.