வணிக வழக்கில் மின்னணு ஆவணம்: ஜூனியர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

பக்க எண் போடாதது, மங்கலான பிரின்ட், பட்டியலில் தேதி மாறிப்போனது ஆகியவற்றை இங்கே எடுக்கவில்லை. பதிவகம் ஒருமுறை ரிட்டர்ன் போட்டால் அவை தானாகத் திருந்திவிடும். பிராது, அதாவது வாதியின் வழக்கு மனு, தயாராகும் வாரத்தில் சத்தமில்லாமல் நுழைந்து, சாட்சி கூண்டில் நிற்கும்போது வெளியே வரும் தவறுகளைப் பற்றித்தான் கவலை. 3 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் மதிப்புள்ள வணிகத் தகராறுகளில், 2015-ஆம் ஆண்டு வணிக நீதிமன்றச் சட்டம் திருத்தி அமைத்த உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 11 பொருந்தும். மின்னணு ஆவணங்களைப் பற்றிய அதன் விதி 6-ஐ முழுதாகப் படிக்காமல் பிராது தாக்கல் செய்பவர்கள் இன்னும் நிறையப் பேர்.

“அந்த மெசேஜை எனக்கு ஃபார்வேர்ட் பண்ணிடுங்க”

கட்சிக்காரரிடம் முதல் நாளே சொல்லப்படும் வாக்கியம் இது. வழக்கைக் கெடுப்பதும் பெரும்பாலும் இதுதான்.

கம்பி சப்ளை செய்தவர் பாக்கி கேட்டு வழக்குப் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வாங்கியவர் வாட்ஸ்அப்பில் பாக்கியை ஒப்புக்கொண்டிருக்கிறார், கையெழுத்திட்ட டெலிவரி சலானின் போட்டோவும் அனுப்பியிருக்கிறார். கட்சிக்காரர் அதையெல்லாம் ஜூனியரின் போனுக்குத் தள்ளுகிறார். அங்கிருந்து அலுவலகக் கணினி, பிறகு குமாஸ்தாவின் பென் டிரைவ், கடைசியில் கோர்ட் எதிரில் உள்ள ஜெராக்ஸ் கடை. ஆவணம் எந்தச் சாதனத்திலிருந்து எப்படி எடுக்கப்பட்டது என்று சொல்லி அதோடு தாக்கல் செய்யும் சான்றிதழில் மட்டும் கட்சிக்காரரின் போன் மாடலும் ஐஎம்இஐ எண்ணும் இருக்கும். பிரின்ட் மூலச் சாதனத்திலிருந்து எடுக்கப்பட்டது என்று பிரமாணமும் இருக்கும். அந்தப் பிரமாணம் பொய். யாரும் வேண்டுமென்று சொன்ன பொய் இல்லை, ஆனாலும் பொய்தான்.

எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு ஒரே கேள்வி போதும்: “இந்தப் பிரின்ட்டை எங்கே எடுத்தீர்கள்?” நேர்மையான சாட்சி, “வக்கீல் ஆபீஸ்ல எடுத்தாங்க” என்பார். அதற்குப் பிறகு நம் சாட்சியை நாம் மறுபடி விசாரிக்கும்போது சொல்ல ஒன்றும் மிஞ்சாது.

தொழில்நுட்ப ரீதியாகவும் அது வேறு ஆவணம். ஃபார்வேர்ட் செய்த மெசேஜில் அனுப்பியவராகத் தெரிபவர் உங்கள் கட்சிக்காரர், நேரமும் ஃபார்வேர்ட் செய்த நேரம். சாதாரணமாக அனுப்பும் போட்டோவை வாட்ஸ்அப் சுருக்கிவிடும். எடுத்த நாள், கேமரா விவரம் எல்லாம் போய்விடும், கோப்பின் கைரேகை போன்ற ஹாஷ் மதிப்பும் மாறிவிடும். மின்னஞ்சலிலும் இதே கதைதான். ஃபார்வேர்ட் செய்த மெயிலுக்குப் புதிய மெசேஜ்-ஐடி விழும், மூல மெயில் எந்தச் சர்வர் வழியாக வந்தது என்று சொல்லும் தலைப்பு வரிகள் கூட வராது.

செய்ய வேண்டியது இதுதான். கட்சிக்காரரைப் போனோடு அலுவலகத்துக்கு வரச் சொல்லுங்கள். தயாரிப்பு, மாடல், நிறம், வரிசை எண், ஐஎம்இஐ எண் எல்லாவற்றையும் குறியுங்கள். சான்றிதழ்ப் படிவம் நிறத்தைக்கூடக் கேட்கிறது. உரையாடலைத் திறப்பதற்கு முன் எதிராளியின் தொடர்புப் பக்கத்தைத் திறந்து, எண் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். எக்ஸ்போர்ட் செய்த உரையில் சேமித்த பெயர்தான் வரும். “கம்பி அண்ணன்” என்று சேமித்திருந்தால் அந்த அண்ணன்தான் பிரதிவாதி என்று நிரூபிப்பது தனிப் பாடு. பிறகு மீடியாவோடு எக்ஸ்போர்ட் செய்யுங்கள். நீண்ட உரையாடலில் பழைய மெசேஜ்கள் விடுபட வாய்ப்புண்டு என்பதால், வந்த கோப்பின் முதல் தேதியைப் போனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கோப்புகளைக் கேபிள் வழியாகக் கணினிக்கு மாற்றியதும், வேறு எதுவும் செய்யும் முன் ஹாஷ் எடுங்கள். விண்டோஸின் பவர்ஷெல்லில் கெட்-ஃபைல்ஹாஷ் கட்டளையே போதும், தானாகவே எஸ்எச்ஏ-256 கொடுக்கும். அதில் 64 எழுத்துகள் இருக்க வேண்டும். சான்றிதழில் ஒட்டும்போது கடைசி வரி அறுந்துபோவது அடிக்கடி நடக்கிறது, எண்ணிப் பாருங்கள். ஒரு நகலைத் திறக்காமல் தனியே வைத்துவிட்டு இன்னொன்றில் வேலை செய்யுங்கள். பிரின்ட் எடுத்த தேதி மட்டும் போதாது, நேரமும் வேண்டும். விதி 6(3) கேட்கிறது. இடையில் பயன்பட்ட கணினியும் சான்றிதழில் வர வேண்டும். ஜிமெயில் என்றால் மெயிலை அதன் மூல வடிவத்திலேயே, இஎம்எல் கோப்பாக இறக்குங்கள்.

வழக்கு முடியும்வரை அந்தப் போனை விற்கவோ, எக்ஸ்சேஞ்சில் கொடுக்கவோ, ரீசெட் செய்யவோ கூடாது என்று எழுத்தில் சொல்லுங்கள். சான்றிதழில் சிக்கல் வந்தாலும், சாதனத்தின் உரிமையாளர் கூண்டேறி மூலச் சாதனத்தையே காட்டி நிரூபிக்கலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அர்ஜுன் பண்டித்ராவ் தீர்ப்பு சொல்கிறது. போன் கைமாறிவிட்டால் அந்தக் கதவும் மூடிவிடும்.

மூலத்தை விட்டுவிட்டு நகலை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த அன்வர் எதிர் பஷீர் வழக்கைப் பாருங்கள். கேரளத் தேர்தலில் பயன்பட்ட பாடல்களும் பேச்சுகளும் கணினியில் ஏற்றப்பட்டு, அதிலிருந்து சிடிகள் போடப்பட்டன. சான்றிதழ் இல்லை. சிடிகள் சாட்சியமாக ஏற்கப்படவில்லை. பிரச்சாரத்தில் ஒலித்த மூலச் சிடிகளையே தாக்கல் செய்திருந்தால் நிலைமை வேறு என்று நீதிமன்றமே சொன்னது.

பாதகமான மெயிலைப் பட்டியலில் சேர்க்காமல் விடுவது

“நமக்கு உதவாததை ஏன் சார் போடணும்?” என்று கட்சிக்காரர் கேட்பார். வழக்கு தொடர்பாகத் தன் வசமும் கட்டுப்பாட்டிலும் உள்ள எல்லா ஆவணங்களையும் வெளிப்படுத்திவிட்டதாக அவர் பிரமாணம் செய்கிறார். வாதியானாலும் பிரதிவாதியானாலும், தன் தரப்புக்குப் பாதகமானதாக இருந்தாலும் தர வேண்டும் என்று விதி வெளிப்படையாகவே சொல்கிறது. மெயிலுக்கு எப்போதும் இரண்டு முனை உண்டு. நீங்கள் விட்டதை எதிராளி தாக்கல் செய்வார். வேண்டுமென்றோ அலட்சியத்தாலோ மறைத்தால் கடுமையான செலவுத்தொகை விதிக்கலாம். இந்தக் கடமை பிராதோடு முடிவதும் இல்லை, வழக்கு தீரும்வரை நீடிக்கிறது.

சான்றிதழ் தராத மூன்றாம் தரப்பு

வங்கியோ தொலைபேசி நிறுவனமோ தர மறுத்தால் கையை விரித்துவிடக் கூடாது. எழுத்தில் கேளுங்கள், நகலையும் ஒப்புகையையும் வையுங்கள், பிறகு சம்மன் கோரி மனு போடுங்கள். 2020-இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் ஜால்னா தொகுதி வேட்புமனுத் தாக்கலின் வீடியோ பதிவுக்குத் தேர்தல் அதிகாரிகள் சான்றிதழ் தரவில்லை. மனுதாரர் தன்னால் ஆனதையெல்லாம் முயன்றிருந்ததால்தான் அவருக்கு விலக்குக் கிடைத்தது. கேட்காமலே இருந்தவருக்கு அது கிடைக்காது.

சான்றிதழின் பகுதி ஏ, பகுதி பி இரண்டிலும் ஒரே கையெழுத்து

கூடாது. ஏ சாதனத்தின் பொறுப்பாளருக்கு, பி நிபுணருக்கு.

65பி-யா, 63-ஆ?

சான்றிதழுக்கு முன்பு பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு; 2024 ஜூலை 1 முதல், அதற்குப் பதிலாக வந்த பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆவது பிரிவு. அன்று நிலுவையில் இருந்த நடவடிக்கைகளுக்குப் பழைய சட்டமே என்று 170-ஆவது பிரிவு சொல்கிறது. புதிய வழக்குகளில் பழைய டெம்ப்ளேட்டைத் தூக்கி எறியுங்கள்; அதில் ஹாஷுக்கு இடமே இல்லை.

மறையும் மெசேஜ்

குறித்த காலத்தில் மெசேஜ்கள் தானாக அழியும் வாட்ஸ்அப் வசதியை, நோட்டீஸ் போகும் முன் அணைக்கச் சொல்லுங்கள். சிசிடிவி பதிவையும் அன்றே எடுங்கள்; பழையதின் மேல் புதியது ஏறிவிடும்.

மெயில் பெட்டி முழுவதையும் கொட்டுவது

வக்கீலோடு நடந்த கடிதப் போக்குவரத்தும் அதில் இருக்கும். முதலில் அதைப் பிரித்தெடுங்கள்.

“அனைத்தும் மறுக்கப்படுகிறது”

ஆவணங்களின் ஆய்வு முடிந்த 15 நாளில் எதிர்த்தரப்பு ஆவணங்களை ஏற்கவோ மறுக்கவோ வேண்டும். உள்ளடக்கம் சரியா, ஆவணம் இருக்கிறதா, எழுதிக்கொடுத்தது யார், அனுப்பியதும் பெற்றதும் உண்மையா, யார் வசம் இருந்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். காரணம் இல்லாத வெறும் மறுப்பை மறுப்பாகவே கருத முடியாது என்கிறது கட்டளை 11-இன் விதி 4, அந்த ஆவணத்தை நிரூபிக்கத் தேவையில்லை என்று நீதிமன்றம் விட்டுவிடலாம். ஒவ்வொரு மெயிலுக்கும் தனி வரி போட்டு, கட்சிக்காரரின் பெட்டியைத் திறந்து பார்த்த பிறகே அந்த அட்டவணையை நிரப்புங்கள்.