பால் குடித்ததும் வீறிடும் குழந்தை: மருந்துக்கு முன்னால் வாயைப் பாருங்கள்

நன்றாகக் குடித்துக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று காம்பை விட்டுவிட்டு, முகம் சிவக்க, காலை வயிற்றோடு இழுத்து இழுத்து வீறிடும். பசியோ என்று மறுபடி வைத்தால் இரண்டு மடக்கு குடித்துவிட்டு மறுபடி அதே கூத்து. என் மகளுக்கு மூன்றாவது வாரத்திலிருந்து சாயங்காலம் ஆறு மணியானால் இது ஆரம்பித்துவிடும், வயிற்றில் வாயு என்று வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள், நான் அவளோடு சேர்ந்து அழுவேன்.

வாயு என்றதும் எல்லோரும் பார்ப்பது அம்மாவின் தட்டைத்தான். உருளைக்கிழங்கு தின்றாயா, வாழைக்காய் தொட்டாயா என்று விசாரணை நடக்கும். பருப்பும் கிழங்கும் உங்கள் குடலில் உண்டாக்கும் வாயு பாலில் இறங்காது. சில குழந்தைகளுக்கு, அம்மா குடிக்கும் பசும்பாலின் புரதம் தாய்ப்பால் வழியாக வந்து ஒத்துக்கொள்ளாமல் போவது உண்டு; மலத்தில் ரத்தமோ சளியோ தெரிந்தால் உடனே டாக்டரிடம் காட்டி அதைப் பற்றிக் கேளுங்கள், நீங்களாகப் பத்தியம் இருந்து இளைக்காதீர்கள்.

நம்மால் குறைக்க முடிவது குழந்தை வாய் வழியாக விழுங்கும் காற்றை. குடிக்கும்போது நாக்கு சொடுக்குவது போல ‘டொக் டொக்’ என்று சத்தம் கேட்டாலோ கன்னம் குழிந்தாலோ பிடி சரியில்லை. கொட்டாவி அளவுக்கு வாயைத் திறக்கும்வரை பொறுத்திருந்து, காம்போடு கருவட்டத்தில் பெரும்பகுதியும் உள்ளே போகிற மாதிரி, தாடை மார்பில் பதிய அணையுங்கள். சரியாக வரவில்லையா, வெடுக்கென்று இழுக்காமல் வாயோரத்தில் சுண்டு விரலை விட்டு விடுவித்து மறுபடி வையுங்கள். எனக்குப் பிரச்சினை வேறு: பால் பீய்ச்சி அடிக்கும், அவள் திணறித் திணறி விழுங்குவாள். கட்டிலில் நன்றாகச் சாய்ந்துகொண்டு அவளை என் மேலேயே குப்புறப் படுக்கவைத்துக் குடிக்க விட்டேன், பால் மேல்நோக்கி வர வேண்டியிருந்ததால் வேகம் குறைந்தது. இன்னொன்று, அழுது அழுது காற்றை விழுங்கிய பிறகு பால் கொடுக்காமல், கையைச் சப்பத் தொடங்கும்போதே கொடுத்துவிடுங்கள்.

அப்புறம் ஏப்பம். தோளில் போடும்போது, குழந்தையின் வயிறு உங்கள் தோள்மேட்டில் லேசாக அழுந்தும் உயரத்துக்கு ஏற்றிப் போடுங்கள். கன்னம் மட்டும் தோளில் இருந்து உடம்பு கீழே தொங்கினால் வேலைக்காகாது. எனக்குக் கைகொடுத்தது மடியில் உட்காரவைப்பது. உள்ளங்கை நெஞ்சில், கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் தாடையை ஏந்த (தொண்டையில் விரல் படக்கூடாது), கொஞ்சம் முன்னால் சாய்த்து, மறு கையால் இடுப்பிலிருந்து மேலே மெதுவாகத் தடவ வேண்டும். ஓங்கித் தட்டத் தேவையில்லை. கூடவே கொஞ்சம் பாலும் வரும், பழைய வேட்டித் துணி ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். ஒரு பக்கம் குடித்து முடித்ததும் ஒரு முறை, கடைசியில் ஒரு முறை எடுங்கள். ஐந்து நிமிடமாகியும் வரவில்லையா, விட்டுவிடுங்கள், தாய்ப்பால் குழந்தைகள் ஒவ்வொரு முறையும் ஏப்பம் விடுவதில்லை.

கீழே இறங்கிவிட்ட காற்றுக்குக் கால் வேலை: மல்லாக்கப் போட்டு சைக்கிள் மிதிப்பது போல் காலை மாற்றி மாற்றி மடக்குங்கள், இரண்டு முழங்காலையும் சேர்த்து வயிற்றில் மெதுவாக அழுத்தி விடுங்கள், தொப்புளைச் சுற்றிக் கடிகார முள் போகிற பக்கமாகவே தடவுங்கள். குடித்த உடனே செய்தால் எல்லாம் கக்கிவிடும், அரை மணி நேரம் போகட்டும். அழுகை உச்சத்தில் இருந்தால் முன்கையில் குப்புறப் போட்டு, தலை முழங்கை மடிப்பில், கால் இரண்டும் இருபுறம் தொங்க, வீட்டுக்குள்ளேயே நடங்கள். அப்படியே தூங்கிப்போனாலும் படுக்கையில் மல்லாக்கத்தான் போட வேண்டும்.

வாய்க்குள் எதுவும் வேண்டாம். வசம்பு உரைத்துத் தடவுவதை நான் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை, அதிலுள்ள ஆசரோன் என்ற வேதிப்பொருள் நச்சுத்தன்மை உள்ளது. ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. கிரைப் வாட்டர் 1851-ல் இங்கிலாந்தில் வில்லியம் உட்வர்ட் என்ற மருந்து வியாபாரி தயாரித்தது, பழைய கலவையில் ஆல்கஹால் இருந்தது. அந்தக் காலத்துக் குழந்தைகள் ஏன் சமர்த்தாகத் தூங்கின என்று யோசித்துப் பாருங்கள். இப்போது ஆல்கஹால் இல்லாமல் வருகிறது என்றாலும், ஆறு மாதம்வரை தாய்ப்பாலைத் தவிர சொட்டுத் தண்ணீர்கூடத் தேவையில்லை. சொட்டு மருந்து எதுவானாலும் டாக்டர் சொன்னால் மட்டும்.

பச்சையாக வாந்தி, மலத்தில் ரத்தம், மூன்று மாதத்துக்குள் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல், வயிறு கல்லாக வீங்கியிருப்பது, பால் குடிக்க மறுத்துத் துவண்டு கிடப்பது: இதில் எது வந்தாலும் அது வாயு இல்லை, நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

மற்றபடி இந்த அழுகை ஆறாவது வாரம் வாக்கில் உச்சத்துக்குப் போய் மூன்று, நான்கு மாதத்தில் தானாக அடங்கும். அதுவரை ஐந்தரை மணிக்கே நீங்கள் சாப்பிட்டு முடித்து, ஆறு மணிக்கு வீட்டில் இன்னொருவர் கையைக் காலியாக வைத்திருக்கச் சொல்லுங்கள்.