டிரை ஐஸ் கிளீனிங்: மலையில் செய்யக் கூடாத தவறுகள்

டிரை ஐஸ் என்பது உறைந்து கட்டியான கார்பன் டை ஆக்சைடு. அதன் அரிசி அளவு துகள்களைக் காற்றழுத்தத்தில் மெஷின் மேல் பீய்ச்சி அடிப்பதுதான் இந்த முறை. மைனஸ் 78.5 டிகிரி குளிரில் அழுக்கு விறைத்து உதிரும், துகள் அப்படியே வாயுவாகிவிடும், கழுவிய தண்ணீர் என்று எதுவும் மிஞ்சாது. குன்னூர் தேயிலைத் தொழிற்சாலையில் இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி ரோலரின் பல்லிடுக்கில் காய்ந்து ஒட்டிய இலைச்சாறு, ஊட்டி பேக்கரித் தட்டில் கருகிய கொழுப்பு, இதற்கெல்லாம் அருமையான வழி. ஆனால் காணாமல் போவது ஐஸ் மட்டும்தான், வாயுவும் அழுக்கும் அங்கேயேதான் இருக்கும்.

நம் ஊரில் மிகப் பெரிய தவறு, குளிருக்குப் பயந்து கதவு ஜன்னலைச் சாத்திவிட்டு வேலை செய்வது. ஒரு கிலோ டிரை ஐஸ் 500 லிட்டருக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு ஆகும், ஒரு மணி நேரத்துக்கு 30 கிலோ செலவாவது சாதாரணம், கணக்குப் போட்டுப் பாருங்கள். அது காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், அதனால் மெஷினுக்கு அடியிலும் குழியிலும்தான் தேங்கும், குனிந்து அடிப்பவர்தான் முதலில் சுவாசிப்பார். தலைவலி, படபடப்பு வந்தால் உடனே வெளியே வரவேண்டும்.

ஆக்சிஜன் மீட்டர் இருக்கிறதே, போதாதா என்பார்கள். போதாது. காற்றில் இந்த வாயு 4 சதவீதம் ஆனாலே உயிருக்கு ஆபத்து, அப்போதும் ஆக்சிஜன் 20 சதவீதத்தில் நிற்கும், 19.5-ல் கத்தும் அலாரம் வாயே திறக்காது. கார்பன் டை ஆக்சைடு மீட்டர் தனியாக வேண்டும், அதை வேலை செய்பவரின் மூக்கு இருக்கும் உயரத்தில் வையுங்கள். வெளியேற்றும் ஃபேன் தரையை ஒட்டி இருக்கட்டும்.

இதே ஆபத்து வண்டியிலும் உண்டு. கோவையிலிருந்து டிரை ஐஸ் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் ரோட்டில் வளைவு வளைவாக ஏறும்போது, குளிருகிறது என்று கண்ணாடியை ஏற்றிவிட்டால் டிரைவருக்குக் கண் சொக்கும். டிரைவர் அறையோடு ஒட்டாத பின்பகுதியில் ஏற்றுங்கள், கண்ணாடி இறங்கியே இருக்கட்டும்.

அப்புறம் கம்ப்ரஸர். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது, காற்றழுத்தம் சமவெளியைவிடக் கிட்டத்தட்ட கால் பங்கு குறைவு, கீழே சரியாக ஓடியது இங்கே திணறும். அழுத்தம் இறங்கினால் ஐஸ் செலவு ஏறும், அழுக்கு பாதி அப்படியே நிற்கும். அதனால் ஒரு சைஸ் பெரியதாக எடுங்கள். மூடுபனி நாளில், காற்றின் ஈரத்தை எடுக்கும் ஏர் டிரையர் இல்லாமல் ஓட்டினால் ஹோஸுக்குள் ஈரம் உறைந்து நாசில் அடைத்துக்கொள்ளும். எண்ணெய் கலந்த காற்று உணவு படும் இடத்துக்கு ஆகவே ஆகாது. டிரை ஐஸும் உணவுத் தரத்தில் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள்.

அடித்து முடித்த இரும்பு சில்லிட்டிருக்கும், நம் ஈரக்காற்று பட்டதும் வியர்க்கும், அந்த ஈரத்தில் துரு வரும், கிருமியும் வரும். துடைத்துக் காயவிட்ட பிறகுதான் கிருமிநாசினி போடவேண்டும். பளபளவென்று தெரிகிறது என்பதற்காகக் கிருமிநாசினியை விட்டுவிடுவதை நான் மன்னிக்கவே மாட்டேன், அதில் செய்வதைச் சாப்பிடப்போவது யாரோ ஒரு குழந்தை. உதிரும் அழுக்கு பறந்து பக்கத்து லைனில் விழும், முதலிலேயே மூடிவிடுங்கள்.

தேயிலைத் தூள், மைதா, கோகோ பவுடர் எல்லாம் காற்றில் பரவினால் தீப்பிடிக்கக்கூடியவை, டிரை ஐஸ் அடிக்கும்போது நிலைமின்சாரம் வேறு உண்டாகும். தூளை முதலில் வேக்குவம் செய்து எடுத்துவிட்டு, மெஷினுக்கும் நாசிலுக்கும் எர்த் கொடுத்த பிறகே தொடங்குங்கள். டெஃப்லான் பூச்சு, ரப்பர், சென்சார் மேல் நேராக அடிக்காதீர்கள். காதடைப்பான், குளிர் தாங்கும் கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் யாரையும் வேலையில் நிறுத்தாதீர்கள்.

மிஞ்சிய ஐஸை இறுக மூடிய டப்பாவில் வைத்தால் வெடிக்கும், சிங்க்கில் கொட்டினால் குழாயில் விரிசல் விழும். வெளியே, குழந்தைகள் வராத, தாழ்வாக இல்லாத திறந்த இடத்தில் வைத்துவிடுங்கள், தானாகப் போய்விடும்.