பொம்மை வீட்டுத் தாழ்வாரத்துக்கு நத்தார் விளக்குச் சரம்

வன்னியில் நத்தார் மாரி மழையோடுதான் வரும். கரண்ட் நின்றுபோகும் இரவுகளிலும் பாலன் குடிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீடு ஒளிரட்டும் என்று, கிளிநொச்சியில் எங்கள் வீட்டில் பிஸ்கற் பெட்டி மட்டையால் செய்த பொம்மை வீட்டுக்கு நான் கட்டிய விளக்குச் சரத்தின் செய்முறையை இங்கே எழுதுகிறேன். கடையில் விற்கும் சரத்தை அப்படியே சுற்றினால், வீட்டைவிடக் குமிழ்களே பெரிதாகத் தெரியும்.

முதலில் அளவைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். பொம்மை வீடுகள் பெரும்பாலும் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் செய்யப்படுகின்றன; உண்மையான வீட்டில் ஓர் அடி என்பது இங்கே ஓர் அங்குலம். ஆகவே 5 மில்லிமீற்றர் எல்ஈடி ஒன்று, அந்த வீட்டுக்காரருக்கு 60 மில்லிமீற்றர் குமிழாக, அதாவது நாம் அறையில் மாட்டும் சாதாரண மின்குமிழின் பருமனில் தோன்றும். அலங்காரச் சரத்துக்கு அது பொருந்தாது. 3 மில்லிமீற்றர் எல்ஈடி போதும், 1.8 மில்லிமீற்றர் கிடைத்தால் இன்னும் நல்லது.

வேண்டிய பொருட்கள்: சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை நிறங்களில் இரண்டிரண்டாக எட்டு எல்ஈடிகள், 470 ஓம் தடையிகள் (மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் சிறு உறுப்புகள்) நான்கு, 330 ஓம் தடையிகள் நான்கு, மூன்று ஏஏ மின்கலங்கள் பிடிக்கும் ஆளியுள்ள பெட்டி ஒன்று, பழைய தொலைபேசி வயரில் உரித்தெடுத்த செப்புக் கம்பி, கறுப்பு நூல். பொத்தான் மின்கலத்தைத் தவிர்த்துவிடுங்கள். குழந்தை அதை விழுங்கி, அது தொண்டைக்குழாயில் சிக்கிக்கொண்டால், இரண்டு மணி நேரத்திலேயே கடுமையான புண் உண்டாகலாம். வீட்டுச் சுவர் மின்சாரத்தோடு இந்தச் சரத்தை ஒருபோதும் இணைக்க வேண்டாம்.

இனித் தாழ்வார விளிம்புக்கு, ஒன்றரைச் சென்ரிமீற்றர் அகலமும் முப்பத்திரண்டு சென்ரிமீற்றர் நீளமும் கொண்ட மட்டைத் துண்டு ஒன்றை வெட்டி, அதன் நடுக்கோட்டில் நான்கு சென்ரிமீற்றருக்கு ஒன்றாக எட்டுத் துளைகள் இடுங்கள். சாக்கு ஊசியால் குத்தி, ஈர்க்கின் அடித்தண்டைத் திருகி அகட்டினால் துளையின் ஓரம் பிய்யாது. மட்டையின் பின்புறத்தில், மேல் விளிம்பை ஒட்டி ஒரு செப்புக் கம்பியும் கீழ் விளிம்பை ஒட்டி இன்னொன்றும் ஒன்றையொன்று தொடாதபடி ஒட்டப்பட வேண்டும். மேல் கம்பி மின்கலப் பெட்டியின் நேர்முனைக்கு, கீழ்க் கம்பி எதிர்முனைக்கு.

அடுத்து எல்ஈடிகளின் முகத்தை மெல்லிய அரத்தாளில் சற்றே தேய்த்துவிட்டால், கூசும் புள்ளி ஒளி மங்கிப் பரவும். பின்னாலிருந்து துளைக்குள் செருகி, நீளமான காலை மேல் கம்பியில் சுற்றுங்கள். குட்டையான காலைத் தடையியின் ஒரு முனையோடு முறுக்கி, தடையியின் மறுமுனையைக் கீழ்க் கம்பியில் சுற்றுங்கள். சிவப்புக்கும் மஞ்சளுக்கும் 470 ஓம், அதாவது மஞ்சள், ஊதா, கபில வளையங்கள் கொண்டது. நீலத்துக்கும் வெள்ளைக்கும் 330 ஓம், செம்மஞ்சள் இரண்டும் கபிலம் ஒன்றும்.

ஒவ்வொரு குமிழுக்கும் ஏன் தனித் தடையி? முதல் தடவை சிக்கனம் பார்த்து எட்டுக்கும் சேர்த்து ஒரே தடையியைப் போட்டேன். சிவப்பும் மஞ்சளும் மட்டும் எரிந்தன. நீலங்கள் பழுது என்று எண்ணி ஒன்றைக் குப்பையிலும் எறிந்துவிட்டேன். சிவப்பு எல்ஈடி ஏறக்குறைய 2 வோல்ற்றிலேயே எரியத் தொடங்கிவிடும். நீலத்துக்கும் வெள்ளைக்கும் 3 வோல்ற் அளவு வேண்டும். ஒரே தடையியின் கீழ் எல்லாவற்றையும் சமாந்தரமாக இணைத்தால், சிவப்பு மின்னழுத்தத்தை 2 வோல்ற்றிலேயே பிடித்துவைத்துக்கொள்ள, நீலத்துக்கு எரிய வழியில்லை. மூன்று மின்கலங்களின் 4.5 வோல்ற்றில் 2 போக மீதி 2.5, அதை 470 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 5 மில்லி அம்பியர் வரும். அலங்கார விளக்குக்கு அதுவே தாராளம். நீலம் கண்ணைக் குத்தினால் 330 க்குப் பதிலாக 1000 ஓம் போட்டுப் பாருங்கள். என் வீட்டில் கடைசியில் அதுதான் நிலைத்தது.

ஒவ்வொரு குமிழையும் பொருத்தியவுடன் மின்கலப் பெட்டியின் வயர்களை இரு கம்பிகளிலும் தொடவைத்துச் சோதியுங்கள். எரியாவிட்டால் பெரும்பாலும் கால்கள் மாறியிருக்கும். எல்லாம் எரிந்த பின் அந்த வயர்களையும் கம்பிகளில் முறுக்கி, மூட்டுகளுக்குச் சோல்டரிங் அயனால் ஈயம் வையுங்கள். ஓரிடத்தில் மூன்று விநாடிக்கு மேல் சூடு கொடுக்க வேண்டாம். இது பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை. அயன் இல்லாதவர்கள் இறுக முறுக்கி இன்சுலேஷன் ரேப் சுற்றினாலும் போதும். ஈயம் வைத்த மூட்டுகளின் மேல் நகப்பூச்சு ஒரு தடவை பூசினால், மாரிக்கால ஈரத்தில் செம்பு பச்சை பிடிக்காது.

மட்டையைத் தாழ்வாரத்தில் ஒட்டிய பின்தான் எனக்குப் பிடித்த வேலை இருக்கிறது. கறுப்பு நூலில் பசை தடவி, குமிழுக்குக் குமிழ் சற்றே தொய்யும்படி மட்டையின் முன்புறத்தில் ஒட்டுங்கள். உண்மையான வயர் பின்னால் மறைந்திருக்க, பார்ப்பவர் கண்ணுக்கு இந்த நூலே வயராகத் தெரியும். நூலை இழுத்துக் கட்டிவிட்டால் அந்தத் தோற்றம் வராது.

மின்கலப் பெட்டியை வீட்டின் பின்சுவரில், ஆளி கைக்கு எட்டும்படி பொருத்துங்கள். அல்கலைன் மின்கலங்களாயின், இரவுக்கு இரண்டு மணி நேரம் எரித்தாலும் நத்தாரிலிருந்து புதுவருடம் கழியும்வரை தாங்கும். பின்னர் வீட்டைப் பரணில் ஏற்றும்போது மின்கலங்களைக் கழற்றி எடுத்துவிடுங்கள். அடுத்த மார்கழிவரை உள்ளேயே கிடந்தால் அவை கசிந்து பெட்டியின் சுருள்களை அரித்துவிடும்.