சுதந்திரச் சிந்தனையின் வரலாறு: படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக்கின் ‘ஆட்சி குறித்த இரு ஆய்வுரைகள்’, மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் அகற்றப்பட்டு வில்லியம் அரியணை ஏற வழிவகுத்த 1688ஆம் ஆண்டு இங்கிலாந்துப் புரட்சியை நியாயப்படுத்த எழுதப்பட்டது என்று இன்றும் பலர் எழுதுகிறார்கள். நூல் 1689இன் இறுதியில் வெளிவந்தது. வில்லியம் மன்னரின் அரியணையை நிலைநிறுத்த இது போதும் என நம்புவதாக முன்னுரையில் லாக்கே குறிப்பிடுகிறார். எனவே அந்த முடிவுக்கு வந்தவர்களைக் குறைசொல்ல முடியாது. ஆனால் 1960இல் பீட்டர் லாஸ்லெட் வெளியிட்ட கேம்பிரிட்ஜ் ஆய்வுப் பதிப்பு, நூலின் பெரும்பகுதி புரட்சிக்குப் பல ஆண்டுகள் முன்பே உருவாகிவிட்டதைக் காட்டியது. அப்போதைய மன்னர் இரண்டாம் சார்லஸின் தம்பியும் கத்தோலிக்கருமான அதே ஜேம்ஸுக்கு அரியணை உரிமை கிடைக்கக் கூடாது என்று லாக்கின் புரவலரான ஷாஃப்ட்ஸ்பரி பிரபுவும் அவரது அணியினரும் போராடிய, 1679ஐ ஒட்டித் தொடங்கிய நெருக்கடிக் காலமே அந்நூலின் பிறப்பிடம். எந்தப் பகுதி எந்த ஆண்டுக்குரியது என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு இருந்தாலும், புரட்சிக்கு முந்தையது என்பது இப்போது பொதுவாக ஏற்கப்பட்டுவிட்டது.

வெளியான ஆண்டையே எழுதிய ஆண்டாகக் கொள்வதுதான் இங்குள்ள தவறு. வென்றவர்களின் தரப்பில் நின்று பின்னர் எழுதப்படும் விளக்கவுரை ஒருவகை. தோற்றால் தலை போகும் என்ற நிலையில், அரசனை எதிர்க்கும் உரிமை மக்களுக்கு உண்டு என்று எழுதுவது முற்றிலும் வேறு வகை. 1683 டிசம்பரில் அரச எதிர்ப்பாளரான ஆல்ஜர்னன் சிட்னி தலை துண்டிக்கப்பட்டபோது, அவர் அச்சிடாமல் வைத்திருந்த அரசியல் கையெழுத்துப் படியே நீதிமன்றத்தில் அவருக்கு எதிரான சான்றாக நின்றது. லாக் அதே ஆண்டு ஹாலந்துக்குத் தப்பிச் சென்றார். நூல் வெளிவந்தபோதும் அதில் தம் பெயரைப் போடவில்லை. அது தம்முடையது என்பதை 1704இல் இறப்பதற்குச் சற்றுமுன் உயிலின் இணைப்பில்தான் ஒப்புக்கொண்டார். இந்த அச்சத்தை அறியாமல் அந்நூலைப் படிப்பவருக்கு, அது நிதானமான ஒரு தத்துவப் பாடமாகவே தோன்றும்.

இதனோடு சேர்ந்து வருவது எதிராளியை விட்டுவிட்டுப் படிக்கும் பழக்கம். வகுப்பறைகளில் பெரும்பாலும் இரண்டாம் ஆய்வுரை மட்டுமே படிக்கப்படுகிறது. மன்னராட்சியை ஆதரித்து எழுதிய ராபர்ட் ஃபில்மரை வரிக்கு வரி மறுக்கும் முதல் ஆய்வுரையைத் திறப்பவர் சிலரே. அது சலிப்பூட்டும் நூல் என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் ஆதாமின் தந்தை அதிகாரத்திலிருந்தே மன்னர்களின் அதிகாரம் வந்தது என்ற ஃபில்மரின் நூல், அவர் இறந்து கால் நூற்றாண்டுக்கும் மேல் கழிந்த பின், 1680இல் அரச தரப்பினருக்குத் துணையாக அச்சேறியது. அது தெரிந்தால்தான், தந்தையின் அதிகாரத்தையும் ஆட்சியாளரின் அதிகாரத்தையும் பிரித்துக்காட்ட லாக் ஏன் இவ்வளவு பாடுபடுகிறார் என்பது விளங்கும்.

சுதந்திரம் என்பது ஒரே கருத்து என்றும், அது நூற்றாண்டுதோறும் வளர்ந்து இன்றைய நிலையை எட்டியது என்றும் கொள்வது இன்னொரு தவறு. 1651இல் வெளியான ‘லெவயதன்’ நூலில் ஆங்கிலத் தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸ், இத்தாலியின் லூக்கா நகரக் குடியரசின் கோபுரங்களில் ‘சுதந்திரம்’ என்று பெரிய எழுத்தில் பொறித்திருப்பதைச் சுட்டி, அதனால் அங்குள்ள தனிமனிதன் சுல்தான் ஆளும் கான்ஸ்டாண்டிநோபிளில் உள்ளவனைவிடக் கூடுதல் சுதந்திரம் உடையவன் ஆகிவிட மாட்டான் என்று வாதிட்டார். அவரைப் பொறுத்தவரை, செயலுக்குப் புறத்தடை இல்லாமையே சுதந்திரம். ஐந்து ஆண்டுகளுக்குப் பின் குடியரசுச் சிந்தனையாளர் ஜேம்ஸ் ஹாரிங்டன் இதற்குப் பதில் சொன்னார்: கான்ஸ்டாண்டிநோபிளின் மிகப் பெரிய பாஷாவும் (உயர் அதிகாரி) தன் சொத்தை மட்டுமல்ல, தன் தலையையே சுல்தானின் விருப்பத்தின் பேரில்தான் வைத்திருக்கிறான், லூக்காவில் நிலமுள்ள எளியவனோ இரண்டுக்கும் தானே உரிமையாளன். சுல்தான் தலையிடாமலே இருக்கலாம். ஆனால் எப்போது வேண்டுமானாலும் தலையிட முடியும் என்பதே அடிமைத்தனம் என்பது இந்த வாதத்தின் உட்கிடை. உரோமச் சட்டத்தில் வேரூன்றிய இந்தப் பார்வை பின்னாளில் பின்னுக்குத் தள்ளப்பட்டதை வரலாற்றாய்வாளர் குவென்டின் ஸ்கின்னர் 1998இல் வெளியிட்ட நூல் விரிவாக எடுத்துரைத்தது. ஹாப்ஸின் வரையறையையே அளவுகோலாக வைத்துக்கொண்டால், ஹாரிங்டன் குழப்பவாதியாகத்தான் தெரிவார்.

இரண்டாம் கை சுருக்கங்களை நம்புவதால் வரும் பிழைகள் தனி ரகம். பிரெஞ்சு அரசியல் சிந்தனையாளர் பெஞ்சமின் கான்ஸ்டன்ட் 1819இல் பாரிசில் ஆற்றிய உரை, பண்டையோரின் பொது அரசியல் சுதந்திரத்தை ஒதுக்கிவிட்டு நவீன மனிதனின் தனிவாழ்வுச் சுதந்திரத்தைத் தேர்ந்தெடுத்ததாகச் சொல்லப்படுவதுண்டு. உரையின் முடிவைப் படித்தவர் அப்படிச் சொல்ல மாட்டார்: தனிவாழ்வின் இன்பங்களில் மூழ்கி, ஆட்சியில் பங்கேற்கும் உரிமையை எளிதில் கைவிட்டுவிடும் ஆபத்தை எச்சரித்து, இரண்டையும் இணைக்கக் கற்க வேண்டும் என்றே அவர் முடிக்கிறார். தத்துவவாதி ஐசாயா பெர்லினின் 1958ஆம் ஆண்டு ஆக்ஸ்போர்டு உரைக்கும் இதே கதிதான். பனிப்போர்க் காலத்து எச்சரிக்கையாக அவர் பேசியதை, எதிர்மறைச் சுதந்திரமே (பிறர் தலையீடு இல்லாமை) நல்லது, நேர்மறைச் சுதந்திரம் (தன்னைத் தானே ஆளுதல்) தீயது என்ற சூத்திரமாகச் சுருக்கிவிடுகிறார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில்லைப் பொறுத்தவரை தவறு இரு பக்கமும் நிகழ்கிறது. 1823 முதல் 1858 வரை கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் பணியாற்றியவர் அவர்; 1859இல் வெளியான ‘சுதந்திரம் குறித்து’ நூலின் தொடக்கத்திலேயே, ‘காட்டுமிராண்டி’ மக்களை முன்னேற்றுவதற்காக எனில் கொடுங்கோன்மையும் முறையான ஆட்சியே என்று எழுதினார். இதை அடிக்குறிப்புக்குத் தள்ளுவது பிழை. இது அவரது வாதத்தின் எல்லையையே வரையறுக்கிறது. இதைக் காட்டி நூல் முழுவதையும் மூடிவைப்பதும் பிழையே.

எழுதிய காலத்தோடு நூலின் வரலாறு முடிந்துவிட்டதாக எண்ணுவது, சூழலை வலியுறுத்தும் ஆய்வாளர்களே சிலநேரம் செய்யும் தவறு. 1949 நவம்பர் 25 அன்று அரசியலமைப்பு அவையில் பேசிய அம்பேத்கர், எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் அவர் காலடியில் உங்கள் சுதந்திரங்களை வைத்துவிடாதீர்கள் என்ற மில்லின் எச்சரிக்கையை எடுத்துக்காட்டினார். அந்த வரி மில்லின் 1861ஆம் ஆண்டு நூலான பிரதிநிதித்துவ ஆட்சி பற்றிய ஆய்வில் இருக்கிறது; இந்தியா போன்ற நாடுகளை அந்நியர் ஆள்வது எப்படி என்று விளக்கும் இயலும் அதே நூலில்தான் இருக்கிறது. மில் நினைத்தது ஒன்று, அம்பேத்கர் அதைக்கொண்டு செய்தது வேறொன்று. இரண்டையும் தனித்தனியாக ஆராய வேண்டும். பின்னதை முன்னதன் திரிபாகக் கருதுவதற்கு எந்தக் காரணமும் இல்லை.