போர்ட் வைன் தயாரிப்பவரிடம் கேள்வி கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போர்ச்சுகலின் போர்ட்டோ நகரத்துக்கு நேர் எதிரே, டூரோ ஆற்றின் தென்கரையில் இருக்கிறது விலா நோவா டி காயா. சரிவு முழுக்க, திராட்சைச் சாராயம் சேர்த்துச் செய்யும் இனிப்பான போர்ட் வைனின் ஓடு வேய்ந்த கிடங்குகள். உள்ளே இருட்டும் குளிர்ச்சியும், நனைந்த மரவாசனையும். சுற்றிக்காட்டி முடித்து, இரண்டு மூன்று கோப்பை ஊற்றி வைத்துவிட்டு, "ஏதாவது கேட்கணுமா?" என்பார்கள். பலர் அந்த நேரத்தை வீணடிப்பது, "உங்களுடையதில் எது பெஸ்ட்?" என்ற கேள்வியில்தான். அதற்குப் பதில் விலைப்பட்டியலின் கடைசி வரியாகத்தான் இருக்கும். இத்தனை தூரம் போய் அதையா கேட்பது?

எந்த போர்ட்டைப் பற்றியும் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இது மரத்தில் முதிர்ந்ததா, பாட்டிலில் முதிர்ந்ததா? சிறந்த ஆண்டு ஒன்றின் அறுவடையில் மட்டும் செய்யும் விண்டேஜ் போர்ட், அறுவடைக்குப் பின் இரண்டாம் மூன்றாம் ஆண்டிலேயே பாட்டிலுக்குப் போய்விடும். அதன்பின் காற்றுப் படாமல், வண்டல் தட்டி, பல பத்தாண்டுகள் உள்ளேயே பக்குவமாகும். டானி போர்ட் நேர்மாறு. பீப்பாயின் மரத்துளைகள் வழியே கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை வாங்கி, சிவப்பு வெளுத்து, பாலில்லாத டீயின் நிறத்துக்கு வந்து, வால்நட்டும் உலர்ந்த அத்திப்பழமும் மணக்கும். அதன் வளர்ச்சி பீப்பாயோடு முடிகிறது. இது பிடிபடாதவரை வயது, விலை, சேமிப்பு பற்றிய மற்ற எல்லாக் கேள்விகளும் தடம் மாறித்தான் போகும்.

தடம் மாறி நான் ஏமாந்த கதை ஒன்று உண்டு. ஒரு கடையின் மேல்தட்டில் தூசு படிந்து கிடந்த 20 வருஷ டானியை, இத்தனை நாள் இருந்ததால் இன்னும் பழுத்திருக்கும் என்று நம்பி வாங்கினேன். வீட்டுக்கு வந்து பின்பக்க லேபிளைத் துடைத்துப் பார்த்தால், பாட்டிலில் அடைத்து 12 வருஷம் ஆகியிருந்தது. ஊற்றினால் நிறம் இருந்தது, இனிப்பு இருந்தது, வால்நட் வாசனையைக் காணோம். சில டானிகள் இவ்வளவு காலம் தாங்கும், இது தாங்கவில்லை. அதிலிருந்து டானி தயாரிப்பவரிடம் நான் விடாமல் கேட்பது, "எப்போது பாட்டிலில் அடைத்தீர்கள்?" என்பதைத்தான்.

அந்த 20 என்ற எண்ணிலும் ஒரு தவறு ஒளிந்திருக்கிறது. "இது சரியாக 20 வருஷம் பழையதா?" என்று கேட்பார்கள். இல்லை. பல ஆண்டுகளின் வைன்களைக் கலந்தது அது. டூரோ, போர்ட் வைன்களைக் கண்காணிக்கும் அரசு நிறுவனத்தின் சுவைக் குழு, அந்த வயதுக்குரிய குணம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டால்தான் லேபிளில் அந்த எண்ணைப் போடலாம். ஆகவே, "இந்தக் கலவையில் இருப்பதிலேயே பழையது எது, இளையது எது?" என்று கேளுங்கள். கலவை போடுபவரின் முகம் மலர்வதைப் பார்க்கலாம். அவருடைய தொழிலே அதுதான். ஒரே அறுவடையின் டானிதான் வேண்டுமென்றால் கொல்யேட்டா என்று கேட்க வேண்டும். குறைந்தது 7 ஆண்டுகள் மரத்தில் இருந்தது, அறுவடை ஆண்டும் லேபிளில் இருக்கும்.

எல்பிவி, அதாவது தாமதமாக பாட்டிலில் அடைக்கும் 'லேட் பாட்டில்ட் விண்டேஜ்' பற்றிக் கேட்க ஒன்றே ஒன்று: வடிகட்டியதா, வடிகட்டாததா? 4 முதல் 6 ஆண்டுகள் கழித்து பாட்டிலில் அடைப்பது இது. வடிகட்டியதை அப்படியே ஊற்றிக் குடிக்கலாம். வடிகட்டாததில் வண்டல் தங்கும், பாட்டிலிலும் முதிரும்.

"2016 நல்லதா, 2017 நல்லதா?" என்பது விண்டேஜ் பிரியர்களின் ஓயாத சண்டை. நல்ல ஆண்டை மட்டுமே நிறுவனங்கள் விண்டேஜ் ஆண்டென்று அறிவிக்கும்; அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளைப் பெரும்பாலானவை விண்டேஜாக அறிவித்தது அபூர்வம் என்பதால் அந்த ஆர்வம் புரிகிறது. ஆனால் தயாரிப்பவர் தன் இரண்டு பிள்ளைகளில் யாரை விட்டுக்கொடுப்பார்? அதைவிட, "நீங்கள் அறிவிக்காத ஆண்டில் உங்கள் சிறந்த தோட்டத்துத் திராட்சை எங்கே போகும்?" என்று கேட்டால் விஷயம் வெளியே வரும். பல சமயம் அது ஒற்றைத் தோட்டத்தின் பெயரில், குறைந்த விலையில், சீக்கிரம் குடிக்கத் தயாராகும் விண்டேஜாக வந்திருக்கும்.

"சர்க்கரை எவ்வளவு சேர்க்கிறீர்கள்?" என்று கேட்பவர்களும் உண்டு. சேர்ப்பதில்லை. திராட்சைச் சாறு பாதி நொதித்திருக்கும்போதே, 77 சதவீத ஆல்கஹால் கொண்ட திராட்சைச் சாராயத்தை ஊற்றி நொதிப்பை நிறுத்துகிறார்கள். மிச்சமிருக்கும் திராட்சையின் சொந்த இனிப்புதான் நாம் குடிப்பது. வழக்கமான கணக்கு, 550 லிட்டரில் ஏறக்குறைய 115 லிட்டர் அந்தச் சாராயம். அதாவது பாட்டிலில் ஐந்தில் ஒரு பங்கு! தோட்டத்தைப் பற்றியும் திராட்சை வகைகளைப் பற்றியும் மணிக்கணக்கில் கேட்பவர்கள், இந்த ஐந்தில் ஒரு பங்கைப் பற்றி வாயே திறப்பதில்லை. என்னைக் கேட்டால் மிகப் பெரிய தவறு இதுதான். சாராயம் எங்கிருந்து வருகிறது, யார் தேர்ந்தெடுக்கிறார்கள், விண்டேஜுக்கும், இளமையிலேயே குடிக்கும் சாதாரண சிவப்பு போர்ட்டான ரூபிக்கும் ஒன்றேதானா என்று கேளுங்கள். அதை டூரோவுக்கு வெளியிலிருந்து வாங்குவது சாதாரணம்; டூரோ திராட்சையிலிருந்தே வடிக்க வேண்டும் என்று அங்குள்ள விவசாயிகள் குரல் எழுப்புகிறார்கள்.

விவசாயிகளைப் பற்றிக் கேட்கத் தயங்குவதும் தவறு. காயாவில் நிற்கும் நமக்கு, ஆற்றின் மேல்பக்கம் பலகைப்பாறைச் சரிவுகளில் படிப்படியாகக் கட்டிய தோட்டங்கள் கண்ணில் படுவதில்லை. அங்கே ஒவ்வொரு நிலமும் மண், உயரம், சரிவு என்று மதிப்பெண் போட்டு ஏ முதல் எஃப் வரை தரம் பிரிக்கப்பட்டிருக்கிறது. எவ்வளவு சாறு போர்ட்டாகலாம் என்பதற்கு ஆண்டுதோறும் ஒரு வரம்பு உண்டு. அந்த வரம்புக்குள் வராத திராட்சைக்குக் கிடைக்கும் விலை பெரும்பாலும் மிகக் குறைவு. "வெளி விவசாயிகளிடம் வாங்குகிறீர்களா? ஒரு பீப்பாய்க்கு என்ன கொடுக்கிறீர்கள்?" என்று மரியாதையாகக் கேட்கலாம். அங்கே அளவே 'பிபா' கணக்குதான். நம் 'பீப்பாய்' அந்தப் போர்ச்சுகீசியச் சொல்லிலிருந்து வந்ததே.

திராட்சையைக் காலால் மிதிப்பது பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். "இன்னும் மிதிக்கிறீர்களா?" என்றால் "ஆமாம்" என்று முடிந்துவிடும். எந்த வைனுக்கு, எத்தனை மணி நேரம், மீதிக்கு என்ன இயந்திரம் என்று கேட்டால்தான் பதில் கிடைக்கும்.

கிளம்புமுன், வாங்கப்போகும் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, திறந்தபின் எத்தனை நாள் தாங்கும் என்று கேளுங்கள். டானி என்றால் ஃப்ரிட்ஜில் சில வாரம் கிடக்கும், நிற்க வைத்தால் போதும். பழைய விண்டேஜ் என்றால் இரண்டு மூன்று நாளுக்குள் முடித்துவிட வேண்டும். அதனால் அதைத் திறக்கும் அன்று வீட்டில் நாலு பேராவது இருக்கட்டும்.